நான்காவது நோக்கம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



மனிதநேயச் சமூகம் ஒன்றை எப்படி வளர்ப்பது, ஒத்த கருத்துள்ள அமைப்புகளோடு எப்படிச் சேர்ந்து நடப்பது என்று பேசும்படி இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். இதைக் கொள்கை விளக்கமாகவே பேசி முடித்துவிடலாம். ஆனால் கொள்கை இந்த அவைக்குப் புதிதில்லை. அது எந்த ஊரில், யாரால், என்ன விலை கொடுத்துச் செயலானது என்பதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். அதனால் ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் அதைச் சுற்றியே பேசப்போகிறேன். மகாராஷ்டிரத்தில் டாக்டர் நரேந்திர தபோல்கர் 1989இல் தொடங்கிய அந்தசிரத்தா நிர்மூலன் சமிதிதான் அது. மூடநம்பிக்கை ஒழிப்புக் குழு என்று தமிழில் சொல்லலாம். இனி ‘சமிதி’ என்றே குறிப்பிடுகிறேன்.

சமிதி தனக்கென்று நான்கு நோக்கங்களை வகுத்துக்கொண்டது. மக்களைச் சுரண்டும் மூடநம்பிக்கைகளை எதிர்ப்பது முதலாவது. அறிவியல் மனப்பான்மையைப் பரப்புவது இரண்டாவது. மதத்தையும் மரபையும் வழக்கங்களையும் ஆராய்ந்து பார்க்கத் தூண்டுவது மூன்றாவது. சமூக மாற்றத்துக்காகப் பாடுபடும் பிற அமைப்புகளோடு இணைந்து வேலை செய்வது நான்காவது. எந்தச் சங்கத்தின் விதிமுறையைப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். பதிவு முடிந்ததும் அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. சமிதி அந்த வரியை நெஞ்சில் வாங்கிக்கொண்டது. முதல் மூன்று நோக்கங்களும் ஊருக்குள் இறங்கியது இந்த நான்காவதால்தான் என்பது என் உறுதியான கருத்து.

தபோல்கர் சாதாராக்காரர். 1945இல் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், இந்திய அணிக்காகக் கபடி ஆடியவர். பத்தாண்டுக்கு மேல் மருத்துவத் தொழில் பார்த்துவிட்டு முழுநேரப் பொதுவாழ்வுக்கு வந்தார். அவரைப் பொதுவாழ்வுக்குள் இழுத்தது கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதமன்று, தண்ணீர். புனேயில் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய பாபா ஆடவ், 1970களில் ‘ஓர் ஊர், ஒரு குடிநீர்த்துறை’ என்ற இயக்கத்தை நடத்தினார். பொதுக்கிணற்றில் தலித் மக்கள் ஏன் தண்ணீர் எடுக்க முடியவில்லை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்ட இயக்கம் அது. இளைஞரான தபோல்கர் அதில் சேர்ந்து உழைத்தார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிணற்றடியில் பொதுவாழ்வைத் தொடங்கியவருக்குத் தன் பக்கத்தில் நிற்பவர் சாமி கும்பிடுகிறவரா என்பது முதல் கேள்வியாக வராது. இந்த அநீதியை எதிர்க்க இவர் வருவாரா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

சமிதியின் தொண்டர்கள் கிராமத்துச் சந்தியில் நடத்தும் நிகழ்ச்சியை உங்களில் சிலர் வேறு வடிவத்தில் இங்கேயே பார்த்திருப்பீர்கள். ஒருவர் சாமியார் போல உட்கார்ந்திருப்பார். குடுமியோடு ஒரு தேங்காய். மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். தேங்காய் குபீரென்று பற்றி எரியும். மஞ்சளைக் குழைத்துக் கையில் தேய்ப்பார். சிவப்பாகும், ரத்தம் என்பார். கற்பூரத்தை ஏற்றி நாக்கில் வைத்துக்கொள்வார். கூட்டம் வாயடைத்து நிற்கும். அப்போது வேடத்தைக் கலைத்துவிட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு பள்ளிச் சிறுமியைக் கூப்பிடுவார்கள். குடுமி நாருக்குள் ஒளித்து வைத்த சோடியம் துண்டைக் காட்டுவார்கள். தண்ணீர் பட்டதும் அது தீப்பிடிக்கும் என்று சொல்லி அவளையே தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது அவள் வீட்டு அடுக்களையிலேயே தெரிந்த சேதிதான். இந்தக் கலையை நாடு முழுக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் தலையாயவர் நம் கோவைக்கு அருகே போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பிரேமானந்த். இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவியவர். அவர் விட்ட இடத்திலிருந்து அந்த அறைகூவலைத் தொடர்ந்தவரும் பிரேமானந்துதான்.

தேங்காய் எரிகிறது, சிறுமி சிரிக்கிறாள், ஊர் கைதட்டுகிறது. அப்புறம்? எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் அதே ஊரில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் தாய் யாரிடம் ஓடுவாள்? வேப்பிலை அடிப்பவர் இரவு இரண்டு மணிக்கும் கதவைத் திறக்கிறார். நாம் திறக்கிறோமா? பகுத்தறிவு இயக்கங்கள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நம்பிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் வந்துவிட்டால், பழைய நம்பிக்கையே அங்கே திரும்ப வந்து உட்காரும்.

சமிதி இதற்குக் கண்ட வழி, தன்னால் தனியாகத் தர முடியாததைத் தரக்கூடியவர்களோடு கைகோத்தது. மனநல மருத்துவர்கள் சேர்ந்தார்கள். குடிநோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று சாதாராவில் உருவாயிற்று. பள்ளி ஆசிரியர்கள் வழியாக வகுப்பறைக்குள் போனார்கள். விநாயகர் சதுர்த்தியின்போது சிலைகளை ஆற்றில் கரைக்காமல் தங்களிடம் தரும்படி கேட்டு வாங்கினார்கள். பூக்களையும் மாலைகளையும் தனியே சேகரித்தார்கள். இந்த வேலையில் அவர்களோடு ஆற்றங்கரையில் நின்றவர்கள் சூழல் அமைப்பினரும் கல்லூரி மாணவர்களும். சிலையைக் கொடுத்தவர்களோ எல்லாரும் பக்தர்கள். ‘கும்பிடாதீர்கள்’ என்று அங்கே யாரும் சொல்லவில்லை, ‘ஆற்றைக் கெடுக்காதீர்கள்’ என்றார்கள். ஒரு பக்தர் பகுத்தறிவுத் தொண்டர் கையில் தன் பிள்ளையாரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றால், பத்துப் பொதுக்கூட்டம் போட்டாலும் கிடைக்காத உறவு அந்த நொடியில் கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு எழும் என்று எனக்குத் தெரியும். இப்படிப் போனால் கொள்கை கரைந்துவிடாதா? இந்தக் கேள்வியைச் சமிதி மறைக்கவில்லை, மேடையிலேயே ஏற்றியது. மராத்தி நாடகத்திலும் இந்தித் திரையிலும் புகழ்பெற்ற டாக்டர் ஸ்ரீராம் லாகூ பச்சையான நாத்திகர். கடவுளுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதியவர். அவரும் தபோல்கரும் மகாராஷ்டிரத்தின் ஊர்களுக்கெல்லாம் போய் ஒரே மேடையில் விவாதித்தார்கள். கடவுள் நம்பிக்கையே பெரிய மூடநம்பிக்கை என்று லாகூ வாதிடுவார். சமிதி கடவுளுக்கோ மதத்துக்கோ எதிரானதன்று, அவற்றின் பெயரால் நடக்கும் சுரண்டலுக்கே எதிரானது என்று தபோல்கர் வாதிடுவார். பார்வையாளர்கள் கேள்வி கேட்பார்கள். விவாதம் முடிந்ததும் இருவரும் ஒரே இயக்கத்தின் வேலையைத்தான் பார்த்தார்கள். திறந்த சமூகம் என்று நான் சொல்வது இதைத்தான். உள்ளே இருக்கும் வேறுபாட்டை வந்தவர் முன்னால் விரித்து வைக்க அஞ்சாத சமூகம்தான் வெளியாரை உள்ளே அழைக்கும் தகுதி பெறுகிறது.

அறக்கட்டளைக் கூட்டம் என்பதால் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாகூவும் நீலு புலேயும் மற்ற நாடகக் கலைஞர்களும் 1980களில் ஊர் ஊராக நாடகம் போட்டு நிதி திரட்டினார்கள். சமூக நன்றிக்கடன் நிதி என்று பெயர். அதன் வருவாயிலிருந்து பல்வேறு இயக்கங்களில் முழுநேரமாக உழைக்கும் தொண்டர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை போயிற்று. அந்த நிதி எந்த ஓர் அமைப்புக்கும் சொந்தமில்லை. பழங்குடிகளிடையே வேலை செய்பவருக்கும் கிடைத்தது, தொழிலாளர் நடுவே வேலை செய்பவருக்கும் கிடைத்தது. கலைஞர்கள் ஒரு பக்கம், தொண்டர்கள் மறுபக்கம், நடுவில் நுழைவுச்சீட்டு வாங்கிய பொதுமக்கள். இந்த மூவரையும் இணைத்த அந்த யோசனைதான் சமிதியைச் சுற்றிய வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது. ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடத்தும் அறக்கட்டளைகள் நம்மிடம் நிறைய உண்டு. ஒரு முழுநேரத் தொண்டரின் வீட்டு வாடகையைக் கொடுக்கும் அறக்கட்டளை எத்தனை உண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

1998 முதல் தபோல்கர் ‘சாதனா’ வார இதழின் ஆசிரியராக இருந்தார். அந்த இதழை 1948இல் தொடங்கியவர் சானே குருஜி. ஆழ்ந்த பக்தர். பண்டரிபுரம் விட்டல் கோயிலில் தலித் மக்களை அனுமதிக்க வேண்டும் என்று 1947இல் உண்ணாநோன்பு இருந்து அந்தக் கதவைத் திறக்கச் செய்தவர். பக்தர் தொடங்கிய இதழைப் பகுத்தறிவாளர் பதினைந்து ஆண்டு நடத்தினார். இருவருக்கும் இடையில் கடவுள் ஒரு பொருட்டாக நிற்கவில்லை; கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மனிதர் இருவருக்கும் பொதுவாக இருந்தார். தபோல்கர் தன் மகனுக்கு ஹமீத் என்று பெயர் வைத்தார். இஸ்லாமியச் சமூகத்துக்குள்ளிருந்து சீர்திருத்தக் குரல் எழுப்பி, 1970இல் முஸ்லிம் சத்தியசோதக் மண்டலைத் தொடங்கிய ஹமீத் தல்வாயின் நினைவாக வைத்த பெயர் அது.

மூடநம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிராகச் சமிதி கேட்ட சட்டத்தின் கதைக்கு வருகிறேன். 2003இல் முதல் வரைவு. பேய் விரட்டுகிறேன் என்று கட்டி வைத்து அடிப்பது, புதையலுக்காக நரபலி கொடுப்பது, பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பது, சூனியக்காரி என்று பட்டம் கட்டி ஒரு பெண்ணைத் துன்புறுத்துவது, அருள் இருப்பதாகச் சொல்லிப் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குவது ஆகியவற்றைக் குற்றமாக்கும் வரைவு. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பண்டரிபுரத்துக்கு நடந்தே போகும் வார்க்கரிகளிடம், உங்கள் யாத்திரையையே தடை செய்யப்போகிறார்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் தெருவுக்கு வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் பேச்சுகள் நடந்தன, வரைவு பலமுறை திருத்தப்பட்டது. கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் யாத்திரை, கீர்த்தனை, பஜனை, கோயில் வழிபாடு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று ஒரு பிரிவே எழுதப்பட்டது.

சட்டம் நீர்த்துவிட்டது என்று வருந்திய பகுத்தறிவாளர்கள் உண்டு. அவர்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கப்போவது யார்? போலிச் சாமியாரிடம் மகளை இழந்த தாய், பாம்புக்கடியில் மகனைப் பறிகொடுத்த தகப்பன். அவர்கள் வீட்டில் விட்டலன் படம் மாட்டியிருக்கும். இது தங்கள் சட்டம், தங்கள் நம்பிக்கைக்கு எதிரான சட்டமில்லை என்று அவர்கள் உணர்ந்தால்தான் காவல் நிலையப் படியேறுவார்கள். அந்தப் பிரிவைச் சமரசம் என்று சொல்வதைவிட, பாதிக்கப்படும் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை என்று சொல்வதே பொருத்தம்.

சட்டம் வருவதைத் தபோல்கர் பார்க்கவில்லை. 2013 ஆகஸ்ட் 20 காலை, புனேயில் ஓங்காரேசுவரர் பாலத்தின்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். நான்கு நாளில் அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு அது முடியாமல் போயிற்று. சாதாராவில் சடங்கு ஏதுமின்றி எரியூட்டினார்கள். சிதைக்குத் தீ வைத்தவர் மகள் முக்தா. கொலைக் குற்றத்துக்காக இருவருக்கு 2024 மே 10 அன்று புனே நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, மூவரை விடுவித்தது. கோவிந்த் பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் என்று இதேபோல் சுடப்பட்டு இடையில் நாம் இழந்தவர்களை இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நிறுவனர் கொல்லப்பட்டால் பெரும்பாலான அமைப்புகள் சில ஆண்டுகளில் ஒடுங்கிவிடும். சமிதி ஒடுங்கவில்லை. நாடக இயக்குநர் அதுல் பேத்தே தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் தெருவில் வட்டமாக நின்று நிகழ்த்தும் நாடகங்களோடு கிளம்பினார்கள். அதற்கு ரிங்கண் நாடகம் என்று பெயர். பண்டரிபுர யாத்திரையில் மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க நடுவே குதிரை ஓடும் நிகழ்ச்சிக்குத்தான் ரிங்கண் என்று பெயர். எந்த மரபினர் அந்தச் சட்டத்தை எதிர்க்கத் தூண்டப்பட்டார்களோ, அந்த மரபின் வடிவத்திலேயே சமிதி தன் துயரத்தையும் வாதத்தையும் ஊர் முன் வைத்தது. சாதிப் பஞ்சாயத்துகளின் ஊர்விலக்கத்துக்கு எதிராக அது தொடர்ந்து போராடியது. 2016இல் மகாராஷ்டிரச் சட்டமன்றம் சமூக விலக்கத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு 2018 முதல் ஆகஸ்ட் 20ஐ அறிவியல் மனப்பான்மை நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கிறது. தோள்கொடுக்க இத்தனை பேர் இருந்த அமைப்பு சமிதி. நான்காவது நோக்கம் அங்கேதான் தன் பலனைக் காட்டியது.

நம் மண்ணுக்கும் இதெல்லாம் புதிதன்று. 1878இலேயே சென்னையில் சுயசிந்தனையாளர்கள் சங்கம் கண்டார்கள். பின்னாளில் சென்னை லௌகிக சங்கம் என்று அறியப்பட்ட அமைப்பு அது. தமிழில் ‘தத்துவவிவேசினி’யும் ஆங்கிலத்தில் ‘தி திங்கர்’ இதழும் 1882 முதல் 1888 வரை வெளியாயின. இலண்டனில் பிராட்லா நடத்திய பகுத்தறிவு இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. சாதி, குழந்தை மணம், விதவை மறுமணம் எல்லாவற்றையும் விவாதித்தார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் புராணங்களை மட்டும் விமர்சிக்கவில்லை, மிராசுதாரர்களுக்கு எதிராகப் பாயக்காரிகள் எனப்பட்ட குத்தகை உழவர்களின் நில உரிமைக்கும் நூல் எழுதினார். இருந்தும் இதழ்கள் நின்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பேராசிரியர் வீ. அரசு அவற்றைத் தேடித் தொகுக்க வேண்டியதாயிற்று. கடல்கடந்து ஒரு துணை கிடைத்தும், அடுத்த தெருவில் அவர்களைத் தாங்கிப் பிடிக்க வேறு அமைப்பு இல்லாமல் போனது என்பதே என் கணிப்பு.

சுயமரியாதை இயக்கம் வேரூன்றியதற்குக் காரணம் பல. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: திருமணம். 1928 முதல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களை நாம் சடங்கு மறுப்பாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா திருநீறு பூசியவர், பெண்ணின் அத்தை வெள்ளிக்கிழமை விரதக்காரர், அண்டை வீட்டு பாய், தேவாலயத்துக்குப் போகும் ஆசிரியர். பொதுக்கூட்டத்துக்கு ஒருநாளும் வராத பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை, பெண்ணுக்குச் சொத்து, இணைந்து வாழ்வது என்றால் என்ன என்றெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் கேட்டார்கள். உறவுமுறை அழைத்து வந்த கூட்டம் அது; உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தபோது, நாற்பது ஆண்டு அந்தப் பந்தல்களில் உட்கார்ந்து எழுந்தவர்கள் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

ஆந்திரத்தில் கோராவின் வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. 1940இல் முதுனூரில் நாத்திகர் மையம் தொடங்கிய கோரா, காந்தியோடு நெருங்கிப் பழகினார். கோராவின் மகளுக்கும் ஒரு தலித் இளைஞருக்கும் சேவாகிராமத்தில் திருமணம் நடத்தி வைக்கக் காந்தி ஒப்புக்கொண்டிருந்தார். நாத்திகர் வீட்டுத் திருமணம் என்பதால் கடவுள் என்ற சொல்லுக்குப் பதில் சத்தியம் என்று சொல்லவும் இசைந்தார். அதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். திருமணம் 1948 மார்ச்சில் சேவாகிராமத்திலேயே நடந்தது. காந்தியும் கோராவும் தம் கொள்கையை விடவில்லை. சாதியை ஒழிக்கும் ஒரு திருமணத்துக்காக இருவரும் ஓரடி நகர்ந்தார்கள்.

இங்கே புதுக்கோட்டையைச் சொல்லாமல் போக முடியாது. 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அங்கே தொடங்கியபோது மாவட்ட நிர்வாகம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்தினர் எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை இயக்கத்தின் பகுதியாக்கினார். குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே யாரும் மனிதநேயத்தை வரையறுத்துப் பாடம் நடத்தவில்லை. கணவரையும் பேருந்தையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகத் தெரிந்த பெண், தன் வாழ்க்கையைத் தானே நடத்தும் மனிதராக மாறினார். மனிதநேயத்தின் உள்ளடக்கம் வேறென்ன?

சேர்ந்து நடப்பதில் துன்பமும் உண்டு. பகத்சிங்கின் நாத்திக நூலை ஜீவா தமிழாக்கிக் குடிஅரசு சார்பில் வெளியிட்ட அதே 1930களில்தான், சமதர்மப் பிரச்சாரத்தை எந்த அளவுக்குக் கொண்டுபோவது என்ற கேள்வியில் பெரியாரும் ஜீவாவும் பிரிந்தார்கள். பிரிவு வலித்திருக்கும். ஆனாலும் சேர்ந்திருந்த அந்தச் சில ஆண்டுகளில் வெளியான எழுத்துகள் தமிழர்களின் சிந்தனையை நிரந்தரமாக மாற்றிவிட்டன. எல்லாக் கூட்டும் காலமெல்லாம் நீடிக்க வேண்டும் என்ற பேராசை வேண்டாம். எடுத்த வேலை முடிந்தால் போதும்.

யாரோடு சேரக்கூடாது என்றும் கேட்பீர்கள். என் பதில் ஒன்றுதான். சாதியைப் பற்றியும் பெண்ணின் உரிமையைப் பற்றியும் வாய்திறக்காமல் இருந்தால் சேரலாம் என்று நிபந்தனை விதிப்பவரோடு சேரக்கூடாது. அவர் எவ்வளவு பெரிய அறிவியலாளராக இருந்தாலும், எத்தனை லட்சம் நன்கொடை கொடுத்தாலும் கூடாது. மற்ற வேறுபாடுகளைப் பேசித் தீர்க்கலாம், தீராவிட்டால் வைத்துக்கொண்டே நடக்கலாம். நோட்டீசில் யார் பெயர் முதலில் வருவது, மேடையில் யார் படம் பெரிது, எந்த நிறக் கொடி எந்தப் பக்கம் என்பவற்றால் உடைந்த கூட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கொள்கை வேறுபாட்டால் உடைந்தவற்றைவிட அவை அதிகம். இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

வளரும் சமூகம் என்றால் புதியவர் வர வேண்டும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடியும் கூட்டத்துக்கு, கழிப்பறை இல்லாத மண்டபத்துக்கு, இளம்பெண்கள் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலையில் வையுங்கள். குழந்தைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள். அவர்களுக்கு ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்துப் பக்கத்து அறையில் ஓர் ஆசிரியரை உட்கார வையுங்கள். இவ்வளவு சிறிய ஏற்பாட்டைச் செய்யாமல் பெண்கள் வருவதில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

நம் ஊர்களில் எல்லா அமைப்புகளையும் ஒன்றுசேர்க்கக்கூடிய வேலை எது என்று கேட்டால், சாதி மறுத்துத் திருமணம் செய்யும் பிள்ளைகளைக் காப்பது என்பேன். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே, சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் சங்கரை வெட்டிக் கொன்றதை நாடே பார்த்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் அமைக்கும்படி மாநிலங்களைப் பணித்தது. உத்தரவு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போனால் என்ன நடக்கிறது? வெவ்வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு. பெயரும் முகவரியும் பலகையில் ஒட்டப்படும். தேடி வருகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி. அந்த முப்பது நாள் அவர்கள் எங்கே தங்குவது? யார் வீடு கொடுப்பது? வேலை போய்விட்டால் அரிசிக்கு யார் பொறுப்பு? சாதாராவில் சமிதி இப்படிப்பட்ட இணையர்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் நடத்தியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இந்த வேலையை எந்த ஓர் அமைப்பாலும் தனியாகச் செய்ய முடியாது. வழக்கறிஞர் சங்கத்தில் ஆள் உண்டு. தொழிற்சங்கத்துக்குக் கட்டடம் உண்டு. மாதர் சங்கத்துக்குக் காவல் நிலையத்தில் பேசிப் பழக்கம் உண்டு. அம்பேத்கர் மன்றங்களுக்குத் தெருத்தெருவாக இளைஞர்கள் உண்டு. பெரியார் இயக்கத்தாருக்குத் திருமணம் நடத்தி வைத்த நெடிய அனுபவம் உண்டு. வழக்கறிஞர் முன்னிலையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த அனுபவத்தின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. தேவாலயங்களிலும் மடங்களிலும் பள்ளிவாசல்களிலும் சாதி வெறியை மனதார வெறுக்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள்; சில நாள் அடைக்கலம் கேட்டால் அவர்களில் பலர் மறுக்க மாட்டார்கள். இத்தனையும் ஒரே ஊருக்குள் சிதறிக் கிடக்கிறது.

இந்த அரங்கில் குறைந்தது பத்து அமைப்புகளின் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். நான் மேடையிலிருந்து இறங்கியதும் கலைந்து போய்விடாதீர்கள். ஒவ்வோர் அமைப்பும் ஒருவர் பெயரைக் கொடுங்கள். அவர்களில் ஒருவர் வழக்கறிஞராக இருக்கட்டும், ஒருவர் இரவிலும் தொலைபேசியை எடுப்பவராக இருக்கட்டும், ஒருவர் ஒரு மாதத்துக்குத் தன் வீட்டு மாடியைத் தரக்கூடியவராக இருக்கட்டும். குழுவுக்குப் பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்தை அடுத்த ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளைக் குடும்பத்தாரை நான் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அந்தக் குழுவின் முதல் ஆண்டுச் செலவுக்குக் கொடுங்கள்.